தேசப்பன் பாடு

பேய்னா ராத்திரிதான் வரும்னு எவன்டா உங்களுக்குச் சொன்னது?

அந்தக் கொள்ளியை இப்படித் தள்ளு, தாமோதரா. தண்ணி ஏற இன்னும் நேரம் கீது. அதுவரைக்கும் இந்தத் திட்டுல குந்திக்கிட்டு ஒரு நல்ல கதை சொல்லுங்கடான்னா, ஆளாளுக்குப் புளியமரம், வெள்ளைச் சேலை, சலங்கைச் சத்தம்... கேட்டுக் கேட்டு எனக்குக் கொட்டாவிதான் வருது. சிங்காரம் சொன்ன கதைக்கு இந்தத் திட்டுல கீற நண்டுகூட பயப்படாது.

நான் சொல்றது நடந்தது. என் கூட்டாளி தருமன், சுண்ணாம்புக்குளத்துக்காரன், உங்க எல்லாருக்கும் தெரியும். அவன் சித்தி தேவகிக்கு நடந்தது இது. அவ வாயால சொல்லி என் காதால கேட்டேன். நடுவுல எவனாவது சிரிச்சீங்க... எழுந்து தோணிக்குப் போயிடுவேன். அப்புறம் முடிவு தெரியாம விடியுற வரைக்கும் முழிச்சிக்கிட்டு கெடங்க.

நேரம்... உச்சி வெயில். கோட்டையில ஒலாந்தாக்கார வெள்ளையன் உச்சிக்கு மணி அடிப்பான் பாரு, தண்ணி மேலயே வருமே அந்தச் சத்தம்... அது அடிச்சு ஓஞ்ச நேரம். பாதை... முகத்துவாரத்துலருந்து குப்பத்துக்கு வர்ற மணல் பாதை. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் ஏரி, நடுவுல தாழம்புதர். அந்த நேரத்துல நாய்கூட அந்தப் பக்கம் போகாது.

தேவகி கூழ்ப்பானையைத் தூக்கிக்கிட்டு வர்றா. ஏரியில வலை கட்டப் போன புருஷனுக்கு. மணல் சுடுது. ஒரு புதர் நெழல்ல பானையை எறக்கி வெச்சிட்டு, முந்தானையால மொகத்தைத் தொடைச்சிக்கிட்டு நிக்கறா. காத்து இல்ல. ஒரு எலை ஆடல.

அப்ப புதருக்கு அந்தப் பக்கம்... சொட்... சொட்... சொட்...

தண்ணி சொட்டுற சத்தம். அந்த வெயில்ல எங்கருந்து தண்ணி? எட்டிப் பாத்தா. ரெண்டு ஆளுங்க அவளைத் தாண்டிப் போயிட்டாங்க. முதுகுதான் தெரியுது. பின்னால போறவன் அவ புருஷன் கண்ணப்பன். முன்னால போறவன் தோள்ல நனைஞ்ச வலை. அதுலருந்துதான் சொட்டுது. கண்ணப்பன் நின்னா அவனும் நிக்கறான். கண்ணப்பன் நடந்தா அவனும் நடக்கறான். திரும்பிப் பாக்கவே இல்ல.

"இந்தாய்யா!"ன்னு கூப்பிட்டா தேவகி.

கண்ணப்பன் திரும்பினான். மொகத்துல ரத்தமே இல்ல. அவனுக்கு முன்னால... வெறும் பாதை.

"யாருய்யா அது?"

"எது?"

"முன்னால போனது."

"ஒருத்தனும் போகல. கூழைக் குடு."

வாங்கினான். குடிக்க முடியல. பாதிக் கூழ் மணல்ல கொட்டுச்சு. கூழு கொட்டின எடம் கண் எதுக்கவே காஞ்சு போச்சு. ஆனா பாதையில வரிசையா விழுந்திருந்த அந்தச் சொட்டு மட்டும் காயல. தேவகி கால் கட்டை விரலை அதுல வெச்சுப் பாத்தா. சில்லுன்னு கீது. ஒரு நாத்தம் வேற. வலை கட்ட ரொம்ப நாளா நட்டு வெச்ச கழியைப் புடுங்கினா அடியிலருந்து ஒரு கருஞ்சேறு வருமே... அந்த நாத்தம்.

அன்னிக்கு ஏரியில தேசப்பன் முறை.

கேசவனுக்குப் புரியாது. அவன் நெல்லு நடற ஊர்க்காரன், கருவாடு வாங்க வந்து நம்மகூட மாட்டிக்கிட்டான். அவனுக்காகச் சொல்றேன், மத்தவன் வாயை மூடிக்கிட்டு கேளுங்க. ஏரியில மீன் விழுற எடம் கொஞ்சம். எல்லாரும் அங்கயே வலை கட்டினா வெட்டு குத்துதான். அதனால எடத்தையெல்லாம் பாடுன்னு பிரிச்சு வெச்சிருக்கு. கல்யாணம் ஆன ஆம்பளை ஒவ்வொருத்தனும் ஒரு தலைக்கட்டு. தலைக்கட்டுக்கு ஒரு முறை. பாடு விடுற நாள்ல அம்மன் கோயில் எதுக்க ஊரே உக்காரும். தலைவரு பேரைக் கூப்பிடுவாரு. கூப்பிட்டவன் "இருக்கேன்"னு சொல்லணும். சொன்னாத்தான் அவன் முறை அவனுக்கு.

செத்தவனுக்கு முறை கெடையாது. பேரையே எடுத்துடுவாங்க. உயிரோட வெளியூர் போனவனுக்கு? அவன் கூடப்பொறந்தவன் எழுந்து அவனுக்காக "இருக்கேன்"னு சொல்லலாம். சொல்றவன் அந்த முறையிலயும் வலை கட்டிக்கலாம். ஒருத்தன் பேருக்கு இன்னொருத்தன் வாய் பதில் சொன்னா, பேருக்கு உரியவன் ஊர்ல இல்லைன்னு அர்த்தம்.

தேசப்பன்னா கண்ணப்பனோட அண்ணன். தேவகி கல்யாணம் ஆகி வந்து தாலி மஞ்சள்கூட வெளுக்கல, அதுக்குள்ள தேசப்பன் காணாம போயிட்டான். அப்ப கோட்டைக்கு எதுக்க கப்பல் நின்ன சமயம். தரகனுங்க கரையில ஆள் புடிச்சு, அடிமையா விக்கக் கப்பல்ல ஏத்தறானுங்கன்னு எங்க பாத்தாலும் பேச்சு. வெளிய போனவன் திரும்பலையா, கப்பல்தான். பாதி நேரம் அது நெஜமாவும் இருந்துச்சு. தேசப்பனோட அம்மா ரங்கம்மா தெருவுல விழுந்து பொரண்டா. மாரை மாரை அடிச்சிக்கிட்டா. "எம் பெரியவனைக் கப்பல்காரன் கொண்டு போயிட்டானே... இருக்கான்... எங்கயோ இருக்கான்... வருவான்!"

அடுத்த பாடு நாள்ல தலைவரு "தேசப்பன்!"னு கூப்பிட்டாரு. கண்ணப்பன் எழுந்து நின்னு "இருக்கேன்"னான். ஊரு ஒத்துக்கிச்சு. அன்னிலருந்து அந்த வீட்டுக்கு ரெண்டு முறை. ஒரே ஒரு ஆம்பளை.

எனக்கு அந்த ரங்கம்மாவைக் கண்டாலே ஆகாது. இப்ப மட்டும் இல்ல, அப்பவே ஆகாது. புள்ளையைப் பறிகொடுத்தவன்னு ஊரே உருகுது, இவ அடுத்த நாளே மீன் கூடையைத் தூக்கிக்கிட்டு வெலை பேசறா. மூத்த மருமக இருசம்மாவை வெச்சு மாடு மாதிரி வேலை வாங்கினா. அந்தப் பொண்ணு தாலியும் பூவும் பொட்டுமா கீது. புருஷன் இல்ல. தாலியறுத்தவளும் இல்ல. கடைசியா சாப்பிடும், கடைசியா படுக்கும். ஒரு பேச்சு எதிர்த்துப் பேசினா கரண்டிக் காம்பாலயே போடுவா கிழவி.

தேசப்பன் முறையில வலை கட்டினா ஒரு நாளும் மீன் விழல. மடவை இல்ல, இறா இல்ல. நண்டு. வலை நெறைய நண்டு. கொழுத்த நண்டு, ஓடு கருத்துப் போயி. கிழவிக்குச் சந்தோஷம். நண்டுக்கு நல்ல வெலை. கண்ணப்பன் மட்டும் அதைத் தொட மாட்டான். வீட்டுல நண்டு கொதிக்கற வாசம் வந்தா எழுந்து வெளிய போயி ஓங்கரிப்பான்.

இன்னொண்ணும் நடந்துச்சு. தேசப்பன் முறை வர்ற நாள்ல, விடியக் காலையில இருசம்மா எழுந்திருக்கறப்போ... அவ கூந்தல் நனைஞ்சிருக்கும். பாய் காஞ்சு கெடக்கும், சேலை காஞ்சு கெடக்கும், கூந்தல் மட்டும் சொட்டச் சொட்ட. புழிஞ்சா உப்புத் தண்ணி.

தேவகி மொத தடவை பாத்துட்டு, "இன்னாக்கா இது?"ன்னு கேட்டா. இருசம்மா சிரிச்சா. கல்யாணப் பொண்ணு சிரிக்கற மாதிரி சிரிச்சா. "அவரு வந்துட்டுப் போறாரு"ன்னா.

கிழவி காதுல அது விழுந்துச்சு. இருசம்மா தலைமயிரைப் புடிச்சு இழுத்து, மொகத்துலயே அடிச்சா. "எம் புள்ளையைச் செத்தவன்ன்றியாடி? செத்தவன்ன்றியா?" அடிக்கறா, அடிக்கறா... கிழவி கையெல்லாம் அந்த உப்புத் தண்ணி. அடிச்சு முடிச்சிட்டு அந்தக் கையைச் சேலையில தொடைக்கறா, தொடைக்கறா, ஈரம் போகவே இல்லையாம். அப்பதான் தேவகிக்கு ஒண்ணு ஒறைச்சுது. இருசம்மா செத்தான்னு சொல்லவே இல்லையே. அந்த வார்த்தை கிழவி வாயிலருந்துதானே வந்துச்சு?

பாதையில அந்தச் சொட்டைப் பாத்த அன்னிக்குத் தேவகி விடல. அவளுக்கு அப்ப வயித்துல புள்ளை. புருஷனை உக்கார வெச்சா. "உனக்கு முன்னால போனது யாரு? சொல்லு. சொல்லலைன்னா இப்பவே எங்க அக்கா வீட்டுக்குப் போறேன்"னா.

சொல்லிட்டான்.

தேசப்பன்னா சும்மா அண்ணன் இல்ல. நைனா கடல்ல போனப்புறம் கண்ணப்பனை வளத்தவனே அவன்தான். வளத்தான்னா அடிச்சு வளத்தான். கல்யாணம் ஆகிக் கண்ணப்பனுக்குன்னு மொத மொத ஒரு முறை வந்துச்சு. நம்ம பசங்களுக்கு அது எப்படின்னு தெரியும். அந்த நாள்ல கழி நட்டாத்தான் ஆம்பளை. ரெண்டு பேரும் தோணியில போறாங்க. கண்ணு எட்டுற தூரத்துல வேற தோணி இல்ல. கண்ணப்பன் கழியைத் தூக்கறான். தேசப்பன் புடுங்கிக்கிட்டான். "நகுருடா. உனக்கு இன்னா தெரியும்?"னு கன்னத்துல ஒண்ணு வுட்டான்.

தோணி தள்ளுற கோலு கண்ணப்பன் கைக்கு எட்டுற எடத்துல கெடந்துச்சு. எடுத்து அண்ணன் தலையில வீசிட்டான்.

அந்த மொத அடியை அம்மன்கூட மன்னிச்சிருக்கும். ஆத்திரம். அண்ணன் தண்ணியில விழுந்தான். முழுகினான். திரும்ப மேல வந்தான். தோணி விளிம்பைப் புடிச்சிக்கிட்டான். தலையிலருந்து ரத்தம் எறங்குது. திட்டல. கையை நீட்டினான். "இருக்கேன்டா தம்பி... இருக்கேன்... கையைக் குடு"ன்னான்.

கண்ணப்பன் கையைக் குடுக்கல. கோலைத்தான் மறுபடியும் தூக்கினான்.

மேல வந்தா என்னைக் கொன்னுடுவான்னு பயமாயிருச்சுன்னு சொன்னானாம். தேவகி நம்பல. நானும் நம்பல. நீங்க நம்பறதுன்னா நம்பிக்கோங்க.

வலையாலயே சுத்தி, அடியில அமுக்கி, அது மேலயே கழியை நட்டான். டொக்... டொக்...னு அடிச்சு எறக்கினான். வீட்டுக்கு வந்து அம்மாகிட்ட அழுதான். ரங்கம்மா அழல. மொதல்ல கோலைக் கழுவினா. அப்புறம் இன்னா சொன்னா தெரியுமா? "ஒருத்தன் போயிட்டான். கொன்னவன்னு தெரிஞ்சா உன் பேரையும் ஊரு எடுத்துடும். இந்த வீட்டுல தலைக்கட்டே இருக்காது. அவன் சாகல. கப்பல்ல போயிட்டான். நீதான் அவனுக்குப் பதில் சொல்லணும்." சொல்லிட்டுத் தெருவுக்கு ஓடிப் போயி பொரண்டா.

இப்படி ஒரு அம்மா.

தேவகி அன்னிக்குச் சோறு திங்கல. வெளிய போயி வயித்தைப் புடிச்சிக்கிட்டு நின்னா. திரும்பி வந்து ஒரே பேச்சு. "நாளைக்குப் பாடு விடறாங்க. அண்ணன் பேரைக் கூப்பிடறப்ப எழுந்து, செத்துட்டான்னு சொல்லு. எப்படிச் செத்தான்னும் சொல்லு. ஊரு உன்னை வெரட்டினா நானும் கூட வர்றேன். எங்க வேணாலும் போயிப் பொழைக்கலாம். சொல்லலைன்னா இந்தப் புள்ளை உன்னை நைனான்னு கூப்பிடாது."

அவன் அவ தலையில அடிச்சு சத்தியம் பண்ணான். அந்த வீட்டுக்குள்ள ரகசியம் ஏது? எல்லாம் ஓலைத் தட்டிதானே. அந்தப் பக்கம் கிழவி கேட்டுக்கிட்டுதான் இருந்தா. காலையில தேவகி எதுக்க வந்து நின்னா. "உன் வயித்துல கீறது அப்பன் இல்லாம பொறக்கணும்னு ஆசையாடி?"ன்னா. அவ்வளவுதான். போயிட்டா.

பாடு நாள். அம்மன் கோயில் எதுக்க, நல்ல வெயில். ஆம்பளைங்க முன்னால. பொம்பளைங்க ஓரமா. தலைவரு பூபதி வேப்பமரத்தடியில நின்னு பேர் கூப்பிடறாரு. கூப்பிடக் கூப்பிட "இருக்கேன்", "இருக்கேன்"னு சத்தம் வருது.

"தேசப்பன்!"

சத்தம் இல்ல.

கண்ணப்பன் எழுந்து நின்னான். வாயைத் தொறந்தான். உதடு ஆடுது. அவன் அண்ணியைப் பாத்தான். அம்மாவைப் பாத்தான். கிழவி கண்ணு கொட்டாம பாக்கறா. ஊரே பாக்குது. ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை...

"இருக்கேன்"னான்.

சொல்லிட்டு உக்காந்துட்டான். தேவகி அங்கயே, அம்மன் எதுக்கவே, மண்ணுல காறித் துப்பினா. 

பூபதி அடுத்த பேரைக் கூப்பிட்டாரு.

"கண்ணப்பன்!"

அவன் தலையைத் தூக்கறதுக்குள்ள... பதில் வந்துடுச்சு.

"இருக்கேன்."

ஆம்பளைங்க உக்காந்திருந்ததுக்கும் பின்னாலருந்து. அங்க யாரும் இல்ல. வெறும் மணல். குரல் மட்டும். தொண்டையில தண்ணி வெச்சிக்கிட்டுப் பேசினா எப்படி இருக்கும்? களகளன்னு... அப்படி.

ஊருல ஒருத்தனும் திரும்பிப் பாக்கல. அந்தக் குரலு யாருதுன்னு எல்லாருக்கும் தெரியும். கூடவே மீன் புடிச்ச குரலாச்சே. குனிஞ்ச தலை குனிஞ்சபடி கெடந்தாங்க. இருசம்மா மட்டும் திரும்பினா. திரும்பி, தலையில இருந்த பூவைச் சரி பண்ணிக்கிட்டா.

கண்ணப்பன் குதிச்சு எழுந்தான். "தலைவரே! நான் இங்க நிக்கறேன்! நான் இன்னும் சொல்லல!"

பூபதி அவன் மொகத்தைப் பாக்கல. காலடி மண்ணைப் பாத்துக்கிட்டே, "உன் பேருக்குச் சொல்லியாச்சுப்பா... உக்காரு"ன்னாரு. அடுத்த பேரைக் கூப்பிட்டாரு.

கொள்ளி அணையுது பாரு. ஊது. எல்லாரும் ஏன்டா இப்படி ஒட்டிக்கிட்டு உக்காரறீங்க? இப்ப சிரிக்கறது, சிங்காரம்.

கண்ணப்பனோட முறை வந்துச்சு. அவன் வீட்டை விட்டு வெளிய வரல. மூலையில குந்திக்கிட்டான். தேவகி வாசப்படிக்குக் குறுக்க படுத்துக்கிட்டா. துப்பினவதான். ஆனா புருஷனாச்சே. விட மனசு வரல அவளுக்கு. கோட்டை மணி அடிச்சுது. அடிச்சு ஓஞ்சுது.

வாசல்ல... சொட்... சொட்...

கண்ணப்பன் எழுந்தான். வலையை எடுத்துத் தோள்ல போட்டான். தேவகி காலைக் கட்டிக்கிட்டா. "போவாதய்யா... போவாத..." அவன் குனிஞ்சு அவளைப் பாத்தான். "அண்ணன் கூப்பிடறான்"னான். அவ்வளவு மெதுவா அவன் அதுக்கு முன்னால பேசினதே இல்லையாம். அவ புடிச்சிருந்த கால் சில்லுன்னு ஆயிடுச்சு. கை தானா விட்டுடுச்சு.

பின்னாலயே ஓடினா. மணல் பாதையில ரெண்டு பேர். முன்னால ஒருத்தன், பின்னால ஒருத்தன். இவ ஓடறா, அவங்க நடக்கறாங்க, எட்ட முடியல. ஏரிக்கரைக்குப் போனாங்க. எறங்கினாங்க. தண்ணி தெறிக்கல. ஒரு அலை கெளம்பல. நடந்து போயிக்கிட்டே இருந்தாங்க. அந்தப் பாடு எடத்துல ஆள் முழுகற ஆழம்... அங்கதான் தலை மறைஞ்சுது. ரெண்டு தலையும்.

தேவகி கரையில உக்காந்துட்டா. கொஞ்ச நேரம் கழிச்சுச் சத்தம் கேட்டுச்சாம்.

டொக்... டொக்... டொக்...

கழி அடிச்சு எறக்கற சத்தம். தண்ணிக்கு அடியிலருந்து. பொழுது சாயற வரைக்கும் கேட்டுச்சு. ஏரி மேல ஒரு காக்காகூட இல்ல.

மறுநாள் ரங்கம்மா தெருவுல விழுந்து பொரண்டா. மாரை மாரை அடிச்சிக்கிட்டா. "எஞ் சின்னவனையும் கப்பல்காரன் கொண்டு போயிட்டானே... இருக்கான்... எங்கயோ இருக்கான்... வருவான்!" அதே வார்த்தை. அதே அடி. அப்ப மழைக்காலம் பொறந்துடுச்சு. கடல்ல கண்ணு எட்டுற வரைக்கும் ஒரு கப்பல் கெடையாது. ஊருக்கு அது தெரியாதா? தெரியும். பூபதிக்குத் தெரியும். எல்லாருக்கும் தெரியும். ஒரு நாய் வாயைத் தொறக்கல. "ஆமாம்மா, வருவான்மா"ன்னு அவளைத் தூக்கி உக்கார வெச்சுத் தண்ணி குடுத்தாங்க. இதை நெனைச்சாத்தான் எனக்குப் பேயை விட பத்திக்கிட்டு வருது.

தேவகி ஓரகத்திகிட்ட போனா. இவளாவது தாலியை அறுத்துட்டு நிம்மதியா இருக்கட்டும்னு, நடந்ததை எல்லாம் ஒண்ணு விடாம சொல்லிட்டா. சொல்லி முடிக்கற வரைக்கும் இருசம்மா தலை சீவிக்கிட்டே இருந்தா.

"தெரியும்"னா.

"தெரியுமா? எப்பலருந்துக்கா?"

"மொத நாள் தலை நனைஞ்சப்பலருந்து. உயிரோட கீறவன் அவ்வளவு சில்லுன்னு இருப்பானா?"

"அப்புறம் ஏன் வாயைத் தொறக்கல? செத்துட்டான்னு நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எம் புருஷன்..."

இருசம்மா சீப்பை வெச்சிட்டு அவளைப் பாத்தா. "செத்துட்டான்னு சொன்னா பேரை எடுத்துடுவாங்க. பேரை எடுத்துட்டா அவரு வர மாட்டாரு. உன் புருஷனுக்காக எம் புருஷனை நான் ஏன்டி விடணும்?"

அதுக்கு மேல தேவகி அந்த வீட்டுல தங்கல. சுண்ணாம்புக்குளத்துக்கு ஆள் சொல்லி விட்டா. தருமனோட நைனா தோணி எடுத்துக்கிட்டு வந்து கரையில நின்னாரு. இருசம்மா உப்பு அள்ளப் போயிட்டா. தேவகி துணிமூட்டையை ஏத்தினா. ஏறப் போனவ நின்னுட்டா. கிழவியை நேரா பாத்து ஒண்ணு சொல்லிட்டுத்தான் போகணும்னு அவளுக்கு. உன் ரெண்டு புள்ளையும் செத்தாங்க, ஒருத்தனை இன்னொருத்தன் கொன்னான், இன்னொருத்தனை நீ கொன்ன, எம் புள்ளையைப் பாக்க எந்தக் காலத்துலயும் வராதேன்னு. நெஞ்சுல அடைச்சிக்கிட்டு இருந்தா இதையெல்லாம் சொல்லாம எப்படிப் போறது?

வேணாம்னாரு தருமன் நைனா. கேக்கல. விறுவிறுன்னு வீட்டுக்குப் போனா. ஓலைத் தட்டி சாத்தியிருந்துச்சு. தெருவுல ஆள் நடமாட்டம் இல்ல. உள்ளேயும் சத்தம் இல்ல. பாத்திரம் உருளற சத்தம்கூட இல்ல.

தேவகி வாசல்ல நின்னு கூப்பிட்டா.

"அத்தே! இருக்கியா?"

உள்ளேருந்து பதில் வந்துச்சு.

"இருக்கேன்."

ரெண்டு ஆம்பளைக் குரலு. ஒண்ணா.

தேவகி ஓடிடலாம்னு எப்படியோ ஒடம்பைத் திருப்பினா. திரும்பினா... எதுக்க ரங்கம்மா நிக்கறா. தெருவுல. வெயில்ல. இடுப்புல கருவாட்டுக் கூடை. இப்பதான் கரையிலருந்து வந்திருக்கா. உள்ளேருந்து வந்த பதிலை அவளும் கேட்டுட்டா.

கிழவி வாயைத் தொறந்தா. நான் இங்க நிக்கறேன்னு சொல்லப் பாக்கறா. தொண்டை நரம்பு பொடைக்குது. சத்தம் வரல.

தேவகி முதுகுக்குப் பின்னால தட்டியை யாரோ உள்ளேருந்து ஒதுக்கினாங்க. கிழவி கூடையை மெதுவா மணல்ல எறக்கி வெச்சா. தேவகியைத் தாண்டி, தலையைக் குனிஞ்சிக்கிட்டு, வீட்டுக்குள்ள போனா.